முப்பத்திரண்டு மில்லிசெகண்டில் சிங்கப்பூர்

சாந்தோம் நெடுஞ்சாலையில் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் தொடங்கி, வங்காள விரிகுடாவின் அடியில் 3,200 கிலோமீட்டர் கிடந்துவரும் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் அந்தச் சாலையோரத்தில்தான் கரையேறுகிறது. ஐ-டூ-ஐ என்று பெயர். 2002-இல் பார்தி, சிங்டெல் என்ற இரு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து போட்டது. இரண்டு வருஷம் கழித்து டாடாவின் கேபிள் வந்தது. அதுவும் சிங்கப்பூரிலிருந்துதான், 3,175 கிலோமீட்டர். கொஞ்சம் வடக்கே, சுவாமி சிவானந்தா சாலையில் அதற்கு இடம். ஆழ்கடலில் இந்தக் கேபிள்களின் தடிமன் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். உள்ளே இருக்கும் இழைகள் ஒவ்வொன்றும் 0.125 மில்லிமீட்டர். வழியில் அங்கங்கே ஒளியைப் பெருக்கும் கருவிகள் உண்டு. அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்டில் கரையிலிருந்து அதே கேபிளுக்குள்தான் போகிறது.

வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். கண்ணாடிக்குள் அது சுமார் இரண்டு லட்சமாகக் குறைகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3,200 கிலோமீட்டருக்குப் பதினாறு மில்லிசெகண்ட். போய்வர முப்பத்திரண்டு. நல்ல லைனில், நல்ல நாளில், மயிலாப்பூரிலிருந்து சிங்கப்பூரில் உள்ள ஒரு கணினிக்குப் 'பிங்' அனுப்பினால் 33, 35 என்று பதில் வரும். இயற்கை விதித்த எல்லையிலிருந்து ஒன்று முதல் மூன்று மில்லிசெகண்ட்தான் கூடுதல். வழியிலுள்ள அத்தனை இயந்திரங்களும் சேர்ந்து எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிசெகண்ட் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணை இன்னொரு முறை பார்க்கலாம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. போய்வர ஒரு மில்லிசெகண்ட் ஆனால், எதிர்முனை அதிகபட்சம் நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதைவிடக் கிட்டத்தில் இருக்கலாம். தள்ளி இருக்கவே முடியாது. வீட்டு நெட் தொல்லைகளில் முக்கால்வாசியைக் கண்டுபிடிக்க இந்த ஒரு விதி போதும் என்பது என் கட்சி. விளம்பரங்கள் எல்லாம் 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் என்று வேகத்தையே பேசுகின்றன. வேகம் குறைந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லும். எங்கே கோளாறு என்று சொல்லாது. நேரம் சொல்லும்.

பிங் என்பது ஒரு சின்ன நிரல். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதியது. ஒரு துளித் தகவலை அனுப்பிவிட்டு, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கும். வேறு வேலை கிடையாது. இன்றைக்கும் எல்லாக் கணினியிலும் இருக்கிறது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட், ஆப்பிளில் டெர்மினல் என்று ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, முகவரியைக் கொடுத்தால் எண்கள் வரிசையாக இறங்கும்.

தூரத்தை அளந்து நாட்டைப் புரிந்துகொள்ளும் காரியம் சென்னைக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து அளக்க ஆரம்பித்தார். சுமார் 12 கிலோமீட்டர். 57 நாள் பிடித்தது. அந்த ஒரு கோட்டைச் சரியாக அளந்ததால்தான் பிறகு இமயமலை வரைக்கும் கோணங்களை வைத்தே நிலத்தை வரைய முடிந்தது. நம்மிடம் சங்கிலி இல்லை, ஒளி இருக்கிறது. ஆனால் முறை அதேதான்: பக்கத்தில் உள்ளதை முதலில் சரியாக அள, அதை வைத்துத் தூரத்தை அள.

ஆகவே முதல் பிங் சிங்கப்பூருக்கு அல்ல. கூடத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் உங்கள் ரவுட்டருக்கு. பெரும்பாலான வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1, அல்லது 192.168.0.1. லேப்டாப்பிலிருந்து அனுப்பிப் பாருங்கள். போனை வைத்து அளக்க வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த அதன் வைஃபை நொடிக்குப் பத்துத் தடவை குட்டித் தூக்கம் போட்டு எழும், அளவு கெட்டுவிடும்.

ஒன்று, இரண்டு, மூன்று மில்லிசெகண்ட் வந்தால் எல்லாம் நலம். ஆனால் உள்ளறையில் உட்கார்ந்து அனுப்பினால் பல வீடுகளில் 30, 40 வரும். நடுநடுவே 150 எட்டிப் பார்க்கும். அதாவது கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போய்வருகிற எட்டு மீட்டருக்கு, வங்காள விரிகுடாவைக் கடந்து திரும்புகிற நேரம்! காற்றில் ரேடியோ அலை எட்டு மீட்டரைக் கடக்க 27 நானோசெகண்ட்தான் ஆகும். மில்லிசெகண்டை முப்பத்தேழாயிரம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு. மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று?

காத்திருப்பதில் போயிற்று. இதற்குப் பின்னால் ஒரு ஹவாய்க் கதை இருக்கிறது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தீவுகளில் இருந்த முனையங்களை ஒரே ரேடியோ அலைவரிசையில் மையக் கணினியோடு இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். யார் எப்போது பேசலாம் என்று முறைவைக்க ஆள் கிடையாது. பேச வேண்டியிருந்தால் பேசு. பதில் வரவில்லையா, இன்னொருவரின் பேச்சோடு மோதிவிட்டது என்று அர்த்தம். கண்டபடி ஒரு நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி பேசு. கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கிறது. வேலை செய்தது. ஆனால் கணக்குப் போட்டால், அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் இந்த முறையில் பயன்படாது என்று தெரியவந்தது. மிச்சம் மோதலுக்கும் வெறுமைக்கும் போய்விடும்.

இன்றைய வைஃபை அந்த வம்சம்தான். ஒரே ஒரு ஒழுக்கம் கூடியிருக்கிறது: பேசுமுன் கேட்க வேண்டும். காற்றில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டிரு. அவர் முடித்த பிறகு உடனே பாயாதே. பூஜ்யத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் மனசுக்குள் ஒரு எண்ணை எடு, அதை இறங்குமுகமாக எண்ணி முடித்துவிட்டுப் பேசு. ஒவ்வொரு எண்ணுக்கும் 9 மைக்ரோசெகண்ட். மோதிவிட்டால் 31-க்குள் ஒரு எண். மறுபடி மோதினால் 63-க்குள். இப்படி இரட்டித்துக்கொண்டே 1,023 வரை போகும். உங்கள் போனும் லேப்டாப்பும் டிவியும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தச் சீட்டுக் குலுக்கலை நடத்திக்கொண்டிருக்கின்றன.

தி. நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பது பெயராவது வரும். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் எல்லாம் இந்த ஒழுக்கத்தை ஒன்றுக்கொன்று கடைப்பிடிக்கின்றன. பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும், மாடி வீட்டுக்காரரின் ரவுட்டர் பேச ஆரம்பித்தால் உங்கள் ரவுட்டர் அதைப் புரிந்துகொண்டு மௌனமாகிவிடும். அவர் வீட்டில் சீரியல் ஓடினால் உங்கள் வீட்டில் சக்கரம் சுற்றும். இதற்கு உங்கள் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

இதே காற்றில் இன்னொரு வழியும் உண்டு. கிண்டிக்கும் அடையாற்றுக்கும் நடுவே உள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் 1990-களில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் டெனெட் குழுவினர், மைடாஸ், அனலாக் டிவைசஸ் நிறுவனங்களோடு சேர்ந்து கார்டெக்ட் என்று ஒரு கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். தொலைபேசியோடு நொடிக்கு 35 கிலோபிட் இணையமும் தந்தது, பேசாதபோது 70. அதில் குலுக்கல் கிடையாது. பத்து மில்லிசெகண்டை 24 பங்காகப் பிரித்து, இன்னார் இந்தப் பங்கில் பேசலாம் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடும். வைஃபை ஆறாம் தலைமுறைக்கு வந்த பிறகுதான், பங்கு பிரித்துக் கொடுக்கும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள்ளும் நுழைந்திருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. நெரிசலாக இருக்கிறதே என்று 3-இல் போய் உட்கார்ந்தால் ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் மாட்டி இருபக்கத்து இரைச்சலும் கேட்கும். அதோடு, புரியாத இரைச்சலுக்கு மரியாதை கிடையாது, மோதல்தான். லேப்டாப், போன், டிவி மூன்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அந்தப் பகுதியில் 2018-இல் நிறைய இடம் திறந்துவிட்டார்கள், சேனல்கள் தாராளம். அதன் அலை சுவர்களைக் கடக்கத் தடுமாறும். அடுக்குமாடியில் அது குறையே அல்ல. பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸும் உங்கள் சுவரில் தடுமாறும் அல்லவா?

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் பிரச்சினை வேறு. அங்கே கூட்டம் கிடையாது, சுவர் உண்டு. தெருவில் பத்தடி அகலம், உள்ளே ரேழி, கூடம், முற்றம், சமையலறை என்று நீண்டுகொண்டே போகும் வீடு. ஒன்றரைச் செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. ஃபைபர்காரர் வாசல் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பின்கட்டுக்குச் சிக்னல் போய்ச் சேரும்போது அதற்கு மூச்சு நின்றிருக்கும். செங்கல்லை விடக் கெட்டது பீரோ. அதன் மெல்லிய எஃகுத் தகடு அலையை அப்படியே திருப்பி அடித்துவிடும். நிலைக்கண்ணாடி அதற்குத் தம்பி. பின்னால் பூசியிருக்கும் உலோகம் போதும். தண்ணீர் அலையைக் குடித்துவிடும், ஆகவே மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்த டிரம்முக்குப் பின்னால் ரவுட்டர் கூடாது.

பீரோவை நகர்த்த முடியாவிட்டால் லேப்டாப்பை நகர்த்துங்கள். நிறைய அல்ல, மூன்று சென்டிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் கூடும் இடத்தில் சிக்னல் பலமாகவும், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் செத்தும் இருக்கும். செத்த இடத்துக்கும் பலமான இடத்துக்கும் நடுவே அலைநீளத்தில் கால் பங்குதான் தூரம். மேஜைமேல் இரண்டு விரல் தள்ளி வைத்ததும் படம் ஓடுவது மந்திரம் இல்லை.

இதற்கெல்லாம் மேலான வைத்தியம், சுவரில் ஒரு துளை போட்டு லான் கேபிள் இழுப்பது. நாலு ஜோடிச் செம்புக் கம்பிகள், முறுக்கி வைத்தது. முறுக்கினால் வெளி இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று கழித்துவிடும் என்பதை கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். கேபிளை ரிச்சி தெருவில் வாங்கும்போது ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வேண்டாம். இழுத்து முடித்த பிறகு வேகத்தைச் சோதித்தால் 94-இல் போய் நின்றுவிடுகிறதா? அந்த எண்ணுக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். எங்கோ ஒரு கம்பி கிரிம்ப்பில் சரியாக உட்காரவில்லை, ரவுட்டர் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிட்டது. தலையை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்தால் தீர்ந்தது.

ரவுட்டர் வரைக்கும் ஒரு மில்லிசெகண்ட் வருகிறது, ஆனாலும் வீடியோ காலில் பேச்சு விட்டுவிட்டு வருகிறது என்பார்கள். அப்போது வெளியே உள்ள ஒரு முகவரிக்கு, 1.1.1.1 போதும், பிங்கை ஓடவிட்டுவிட்டு, வீட்டில் யாராவது போனிலிருந்து கல்யாண வீடியோவைக் கூகுளுக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஐந்தாக இருந்தது 300 ஆகிறதா? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்திருப்பீர்கள். தெருவின் அகலம் மாறவில்லை, மறுமுனையில் ஜனங்கள் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் நகர அரைமணி ஆகிறது. ரவுட்டருக்குள்ளும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. நினைவகச் சில்லுகள் மலிந்ததும் தயாரிப்பாளர்கள் அதை நீளமாக்கிக்கொண்டே போனார்கள். எந்தத் தகவலையும் தவறவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் தாமதமாக வந்த பேச்சு, வராத பேச்சை விட மோசம். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற நிரலாளர் தன் வீட்டு லைனில் இதைக் கவனித்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இரு கணினி நிபுணர்கள் ஒரு தீர்வு தந்தார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, அதில் ஒரு தகவல் எவ்வளவு நேரம் நின்றது என்று பார், அதிக நேரம் நின்றால் தயங்காமல் தூக்கி எறி. எறியப்பட்டதை உணர்ந்து அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ரவுட்டரில் எஸ்கியூஎம் என்றோ க்யூஓஎஸ் என்றோ ஒரு வசதி இருந்தால் அதைப் போட்டு, உங்கள் அப்லோடு வேகத்தில் தொண்ணூறு சதவீதத்தை எல்லையாகக் கொடுங்கள். பத்து சதவீத வேகம் போகும், பேச்சு நிற்காது.

வாசலைத் தாண்டினால் ஃபைபர். அடையாறு காந்தி நகரில் மரத்துக்கு மரம் தொங்கும் கறுப்புக் கேபிளைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் குறைவு. ஆனால் அதற்குள் நடக்கும் காரியம் அழகானது. கம்பெனியின் ஒரே இழை தெருமுனைப் பெட்டியில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிகிறது. பிரிக்கும் கருவிக்கு மின்சாரமே வேண்டாம், ஒளி கண்ணாடிக்குள்ளேயே கிளை பிரிகிறது. கீழே வரும்போது 1,490 நானோமீட்டர், மேலே போகும்போது 1,310. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத நிறங்கள், ஆகவே கழற்றின முனையை உற்றுப் பார்க்கக் கூடாது. மேலே போகும் ஒளி 32 வீடுகளிலிருந்தும் ஒரே இழையில் சேர வேண்டும், மோதக் கூடாது. அதற்காக மறுமுனைக் கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்வரும் நேரத்தை அளந்து வைத்திருக்கிறது. எந்த வீட்டுப் பெட்டி எத்தனை மீட்டர் இழைக்கு அப்பால் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். முதல் மாடிக்கும் தெருக்கோடிக்கும் வேறுவேறு நேரம் குறித்துக் கொடுத்து, எல்லாரின் ஒளியும் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்காமல் வந்து சேரும்படி பார்த்துக்கொள்கிறது. கம்பெனியும் பிங்தான் போட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

பிரிக்கப் பிரிக்க ஒளி மங்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு கழித்தல் எண் இருக்கும். -20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. மூன்று குறையக்குறைய வெளிச்சம் பாதியாகும். -27 என்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அதிலும் நொடிக்கு 250 கோடி மினுக்கலைப் பெட்டி தவறில்லாமல் எண்ணுகிறது! அதற்குக் கீழே போனால் தடுமாறும். நல்ல நாளில் இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு நாள் திடீரென்று நாலைந்து குறைந்திருந்தால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது. கண்ணாடியை மடக்கினால் வளைவில் ஒளி கசியும். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கேபிளை ஆணியில் இறுகச் சுற்றி வைத்திருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். பச்சை நிற முனையைப் பச்சையில்தான் செருக வேண்டும், நீலத்தில் அல்ல. பச்சையின் முகம் எட்டு டிகிரி சாய்த்துத் தேய்த்தது. அங்கே எதிரொளிக்கும் வெளிச்சம் இழையில் திரும்பிப் போகாமல் பக்கவாட்டில் சிதறிவிடும்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. மின்வாரியத்தார் கிளை வெட்டியிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். ஃபைபர்காரர் கையில் ஒரு கருவியோடு வந்து, 'நானூறு மீட்டரில் கட்டாயிருக்கு சார்' என்று சொல்லிவிட்டு நேரே அந்த மரத்தடிக்குப் போவதைப் பார்த்திருக்கலாம். அவரும் நேரத்தைத்தான் அளந்தார். கண்ணாடிக்குள் ஓடும் ஒளியில் ஒரு துளி எப்போதும் பின்னோக்கிச் சிதறும். வானம் நீலமாக இருப்பதற்குக் காரணமான அதே சிதறல். துண்டான இடத்துக்குப் பிறகு அது நின்றுவிடும். மீட்டருக்குப் போய்வரப் பத்து நானோசெகண்ட். நாலு மைக்ரோசெகண்டில் நின்றால் நானூறு மீட்டர்.

அடுத்தது ஊர். எண் முகவரிக்குப் பிங் போகிறது, பெயர் கொடுத்தால் மட்டும் போகவில்லை என்றால் கோளாறு லைனில் இல்லை, பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ்ஸில். ரவுட்டரில் அந்த இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள். உலகத்தின் எல்லாப் பெயர்களுக்கும் தலையாக ஏ முதல் எம் வரை பதின்மூன்று மூலச் சர்வர்கள் உண்டு. அவற்றில் எஃப்-இன் ஒரு பிரதி 2005 ஆகஸ்டில் சென்னைக்கு வந்தது. அதே சமயம் மும்பைக்கு ஐ, டெல்லிக்கு கே. வீடியோக்களும் அப்படித்தான்: யூடியூப் நாலு மில்லிசெகண்டில் பதில் சொன்னால், நம் விதிப்படி அது நானூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கலிஃபோர்னியாவுக்குப் போகவே இல்லை. உங்கள் கம்பெனியின் கட்டடத்திலேயே கூகுள் பிரதி எடுத்து வைத்திருக்கலாம்.

வேடிக்கை இதற்கு நேர்மாறானது. கபாலீஸ்வரர் குளத்திலிருந்து காந்தி நகர் நாலு கிலோமீட்டர். இங்கே ஒரு கம்பெனி, அங்கே இன்னொரு கம்பெனி. இரண்டும் சென்னையில் கைகோத்துக்கொள்ளவில்லை என்றால், உங்கள் தகவல் மும்பைக்குப் போய் அங்கே கைமாறித் திரும்பி வரும். பிங்கில் 45 தெரியும். உள்ளூர்ப் போக்குவரத்து உள்ளூரிலேயே கைமாறட்டும் என்றுதான் 2003-இல் நிக்ஸி தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதற்கு ஒரு முனையம் இருக்கிறது. சேருவதும் சேராததும் கம்பெனிகளின் வியாபாரம்.

நாலு கிலோமீட்டரைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்றால், வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்கிறவர்கள். படங்களையும் ஆவணங்களையும் மாத வாடகைக்கு வெளிநாட்டில் வைக்காமல், பழைய லேப்டாப் ஒன்றில் இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற நிரல் ஒன்றைப் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். பதினைந்து வாட் எடுக்கும், இரண்டு மாதப் பில்லில் 22 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பேட்டரி இருப்பதால் தனி யுபிஎஸ் வேண்டாம். ஆனால் சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்திவையுங்கள், சென்னை வெயிலில் முழு சார்ஜிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கினால் கரண்ட் போனாலும் நெட் நிற்காது. தெருமுனைப் பெட்டிக்குத்தான் மின்சாரமே வேண்டாமே.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக ஓடும். அடையாற்றிலிருந்து அம்மா பேரனின் படம் பார்க்க முயன்றால் வராது. ரவுட்டரில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது உங்களுடையது அல்ல. பழைய முகவரி முறையில் மொத்தமே 430 கோடி எண்கள்தான். ஆசியாவின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துபோய், கடைசித் துண்டைப் பங்கீட்டு முறையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரே எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் உங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைக்கும் முகவரிகள், பழைய உலகத்தின் 430 கோடியை 430 கோடியால் பெருக்கினால் வரும் அளவு. ஜியோ 2016-இல் வந்த பிறகு இந்தியா இதில் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது, ஆகவே அம்மாவின் போனிலும் இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, டெயில்ஸ்கேல் போன்ற நிரல்கள் செய்யும் தந்திரம். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் உள்ளிருந்து வெளியே ஒருவரையொருவர் நோக்கித் தகவல் வீசும். எந்த வாசல் வழியே வீசுகின்றன என்பதை மூன்றாவது கணினி ஒன்று இருவருக்கும் சொல்லிவிடும். நான் போன வழியில் பதில் வருகிறது என்று இரு ரவுட்டர்களும் நம்பிக் கதவைத் திறந்துவைக்கும். தட்டினவர் யாருமில்லை, இருவரும் வெளியேதான் போனார்கள், நடுவழியில் சந்தித்துவிட்டார்கள். பிறகு மூன்றாவது ஆளுக்கு வேலையில்லை. எது செய்தாலும் சர்வரின் கதவை நேரடியாக உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அரைமணிக்குள் எங்கிருந்தெல்லாமோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க ஆரம்பிப்பார்கள். வயர்கார்டு போன்ற பூட்டுக்கு உள்ளே இருக்கட்டும். படங்களின் இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, தன் கடலடிக் கேபிள் ஒன்று பாதிக்கப்பட்டதாக ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் அனுப்பியது. சென்னையில் மரங்கள் விழுந்து தெருக் கேபிள்களும் போயிருந்த நேரம். மரமா கடலா என்று நாலு பிங் பிரித்துவிடும். ரவுட்டர், கம்பெனியின் முதல் முகவரி, மும்பை, சிங்கப்பூர். முதல் மூன்றும் வழக்கம்போல வந்து, நான்காவது மட்டும் எகிறியிருந்தால் கடல். தகவல் வேறு கேபிள் தேடி ஊரைச் சுற்றிப் போகிறது. இரண்டாவதே வரவில்லை என்றால் உங்கள் தெரு. கஸ்டமர் கேரில் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா' என்று ஆரம்பிக்கும்போது இந்த நாலு எண்ணையும் ஆப்டிகல் பவரையும் சொன்னால், அவர்கள் அந்தப் பட்டியலைத் தாண்டி நேரே லைன்மேனை அனுப்புவதற்கு வாய்ப்பு உண்டு.

புதுக் கனெக்ஷன் எடுப்பதாக இருந்தால் விளம்பரத் தாளில் இந்த எண் எதுவும் கிடையாது. அதே கட்டடத்தில் அந்தக் கம்பெனி லைன் வைத்திருப்பவர் வீட்டுக்கு இரவு ஒன்பதரை மணிக்கு, எல்லார் வீட்டிலும் டிவி ஓடும் நேரத்தில், ஒரு லான் கேபிளும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் ரவுட்டரில் நேரடியாகச் செருகிச் சிங்கப்பூருக்கு ஒரு நூறு பிங் அனுப்புங்கள். 35-ஐ ஒட்டியே நிற்கிறதா, நடுவில் எத்தனை காணாமல் போயிற்று என்று பார்த்துவிட்டு, அவர் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள்.